மதிய வெயிலுக்கு ஆகாத சுவர்

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் விதத்தை வைத்தே அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லிவிடுவாள். கணவர் போன பிறகு கைவந்த கலை அது. மனசார வருந்துகிறவர்கள் சாய்ந்து உட்கார்ந்து, பேச்சு வராமல் தரையைப் பார்ப்பார்கள். காரியமாக வந்தவர்கள் நுனியில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொள்வார்கள். கணவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வீட்டில் அவருக்கு மைக் என்று பெயர். கணவர் வைத்தது. எங்கே யாருக்காக மைக் நட்டாலும் அதன் பின்னால் இந்த மனிதர் முளைத்துவிடுவார் என்பதால் வந்த பெயர். கூட வந்திருந்த உதவி இயக்குநர் ஆமாஞ்சாமி. அதற்கு விளக்கம் தேவையில்லை. இத்தனை வருஷமும் அவளை மேடம் என்று கூப்பிட்டு வந்த ஆமாஞ்சாமி, சாவு வீட்டுப் படியேறிய நாளிலிருந்து அண்ணி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். ஒரு மரணம் இவ்வளவு மலிவாக உறவு சேர்த்துக் கொடுக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மைக் சொன்ன செய்தி இதுதான். நிறுவனத்தின் புதுக் கட்டடத்துக்கு முகப்புச் சுவர் முழுவதும் கண்ணாடி. சும்மா கண்ணாடி இல்லை, வெயிலைக் குடித்து மின்சாரம் தரும் நிறக் கண்ணாடி. அதற்கு அவள் கணவருடைய பெயரை வைக்கப்போகிறார்கள். பெயர்ப்பலகையின் மேல் போட்டிருக்கும் துணியை அவள்தான் விலக்க வேண்டும்.

"அவர் கண்டுபிடிச்ச ஜெல்லும்மா. அவர் பேர்லதான் நிக்கணும்."

அண்ணன் போனதிலிருந்து அங்கேயே தங்கியிருந்த நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமாஞ்சாமியும் துடைத்துக்கொள்ள ஏதாவது வருகிறதா என்று முயன்றான், வரவில்லை.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்த ஜெல்?"

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிய வேண்டுமானால், அவள் கணவர் ஆயுளை எதில் கரைத்தார் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒன்றின் மேல் மாவு மாதிரி வெள்ளைப் பூச்சு, அந்தப் பூச்சுக்கு ஒரு சாயம். சாயத்தில் வெளிச்சம் பட்டால் அது மின்னணுவை உதறிவிடும். உதறியது கம்பி வழியாக ஊர் சுற்றிவிட்டு அடுத்த கண்ணாடிக்கு வரும். அங்கிருந்து சாயத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க நடுவில் ஒரு திரவம் வேண்டும். அந்தத் திரவம்தான் வினை. காயத்துக்குப் போடும் டிஞ்சர் இருக்கிறதே, அதே அயோடின் சரக்கு. பழுப்பாக இருக்கும், ஆவியாகும், ஊசிமுனை ஓட்டை கிடைத்தாலும் ஒழுகும், பக்கத்தில் வெள்ளிக் கம்பி இருந்தால் அரித்துத் தின்னும். அவர் விரல் நுனிகள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பழுப்புதான். பெண் பார்க்க வந்தபோது பீடி குடிப்பவர் என்று அவள் அப்பா சந்தேகப்பட்டார்.

ஆகவே, அந்தத் திரவத்தை ஒழுகாமல் நிறுத்திவைக்க வேண்டும். கூழாக்க வேண்டும், ஆனால் கூழுக்குள்ளேயும் மின்னூட்டம் சுமக்கும் துகள்கள் ஓடியாட வேண்டும். கெட்டியானால் ஓட்டம் குறையும், ஓட்டம் கூடினால் ஒழுகும். இந்த இழுபறியிலேயே மனிதருக்குத் தலை நரைத்தது. அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் பசை.

நிறுவனத்தில் இரண்டு ஜெல் இருந்தன. மைக்கின் பிரிவு செய்தது சூடாக்கினால் இளகும், ஆறினால் உறையும். சூடாக ஊற்றுவது சுலபம், மின்சாரக் கணக்கும் கண்ணைப் பறிக்கும். கணவர் செய்தது வேறு ரகம். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு வலையாகிவிடும். பிறகு எந்தச் சூட்டுக்கும் இளகாது. ஆனால் அதில் ஓட்டம் மந்தம். மைக்கின் ஜெல் தரும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே பெரிது.

ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அவர் சிரித்தால் யாருக்கோ மானம் போயிருக்கிறது என்று அர்த்தம். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று சொன்னார். ஆய்வகத்தில் செயற்கைச் சூரியன் என்று ஒரு விளக்கு உண்டு. செல்லை அதன் அடியில் வைத்துத்தான் மின்சாரத்தை அளப்பார்கள். விளக்கு சுடும், அதனால் செல்லுக்குக் கீழே குளிர்ந்த தட்டு ஒன்று வைக்க வேண்டும். மைக்கின் ஆட்கள் அந்தத் தட்டை வைக்கவே இல்லை. விளக்குச் சூட்டில் ஜெல் இளகிப்போய், இளகிய பிறகு வந்த கணக்கைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

"ஜெல்ல அளந்தோம்னு நெனச்சுக்கிட்டுத் தண்ணிய அளந்திருக்கானுங்க. அதுக்குக் கைதட்டல் வேற."

அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து சொன்னார். சூரியனில் அவ்வளவு சூடு வராது என்று மைக் பதில் சொன்னார். சாயம் பூசிய கண்ணாடி, மேற்கு வெயில், நடுவில் காற்றுப் போக வழியில்லை, வராமல் எங்கே போகும் என்று இவர் கேட்டார். ஆமாஞ்சாமி இரண்டு பேருக்கும் தலையாட்டினான். பெரிய தலைக்குக் கொஞ்சம் கூடுதலாக.

கொஞ்ச நாளில் அவரைக் கீழ்த்தளத்து எரிகலப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஹைட்ரஜனைக் கொடுத்து மின்சாரம் எடுக்கும் கலங்கள் அவை. அவற்றின் நடுவில் ஒரு மெல்லிய ஜவ்வு உண்டு. அது எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நனைந்து மூழ்கிவிடவும் கூடாது. அந்த ஈரத்தைப் பார்த்துக்கொள்வது இவர் வேலை. முதல் நாள் போய்விட்டு வந்து, மேல்மாடியில் ஒழுகுகிறதை அடைக்கச் சொன்னவனைக் கீழே இறக்கிக் காய்கிறதை நனைக்கச் சொல்கிறார்கள், பதவி உயர்வுதான் என்றார். அந்தக் கீழ்த்தளத்துப் படியில்தான் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அவருடைய ஜெல்லுக்கு மிஞ்சிய சாட்சி சமையலறை ஜன்னலில் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் கருஞ்சிவப்புக் கண்ணாடி ஒன்று, அதிலிருந்து இரண்டு கம்பிகள், கம்பி முனையில் பொம்மைக் காரிலிருந்து பிடுங்கிய மோட்டாரும் தகர விசிறியும். மேற்குப் பார்த்த ஜன்னல், அடுப்பின் சூடு வேறு. பல கோடைகளைப் பார்த்துவிட்டது, ஒரு சொட்டு ஒழுகியதில்லை. விடிந்தால் சுற்றத் தொடங்கும், இருட்டினால் நிற்கும். அதன் காற்றில் ஓர் ஈயின் வேர்வைகூட ஆறாது. காற்றுக்காகவா வைத்தேன் என்பார்.

ஆகவேதான் அவள் எந்த ஜெல் என்று கேட்டாள். ஜெல் என்றால் ஜெல்தான் என்றார் மைக். "உருகுறதா, உருகாததா?" என்றாள். ஆமாஞ்சாமி தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினான்.

மைக் பிள்ளைக்குச் சோறூட்டும் குரலுக்கு மாறினார். முகப்பில் ஒரு பெரிய பலகை இருக்குமாம். சுவர் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அதில் எண் ஓடுமாம். வருகிற பெரிய மனிதர்கள் எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

"அவரோட ஜெல்லுக்கு நம்பர் வராதும்மா. அதனால நம்ம பிரிவோட ஜெல்ல ஊத்தியிருக்கோம். பேரு அவரோடது. ரெண்டுக்கும் மரியாதை."

பெரிய அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலை அவளுக்கு. அடுத்தவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பதே பிழைப்பு. இதில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சுவர் நின்றால் நிற்கவைத்தவர் மைக். ஒழுகினால் ஒழுகியது கணவர் பெயர். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. இப்படி ஒரு வசதியான சக ஊழியர் மைக்குக்கு உயிரோடிருந்தவர்களில் வாய்க்கவில்லை.

அவர் ஜெல் இல்லையென்றால் அவர் பெயரும் வேண்டாம் என்றாள். துக்கத்தில் அப்படித்தான் தோன்றும், விழா நெருங்க நெருங்கச் சரியாகிவிடும் என்று மைக் ஆறுதல் சொன்னார். அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது என்று எழுந்தார். எழுந்தவர் சமையலறைப் பக்கம் பார்க்கவில்லை. விசிறி அவருக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது.

அவர்கள் தெருத் திரும்புவதற்குள் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்று ஊருக்கே சொல்கிற குரல். வீட்டுக்குள் அந்தக் குரலைத் திறந்தால் பாத்திரங்கள் அதிரும். அன்று அவள் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் தைத்தது.

"எங்க அண்ணன் பேரு ஒரு சுவத்துல வர்றது உங்களுக்குப் பொறுக்கலையா அண்ணி? உயிரோட இருந்தப்பதான் யாரும் மதிக்கல."

இவளுக்குச் சொல்லப் பதில் இருந்தது. ஜெல், விளக்கு, தட்டு என்று தொடங்கினால் முடிக்க அரை நாள் ஆகும். முடிந்த பிறகும் அண்ணனுக்குக் கிடைத்த ஒரே பெருமையைத் தட்டிவிட்டவள் என்றுதான் மிஞ்சும். இரண்டு பேரும் அன்று தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் மதியம் அச்சகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் புதுக் கட்டடத்துக்குப் போனாள். மேற்குப் பார்த்த சுவர். கருஞ்சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று கண்ணாடிகள் மாடி உயரத்துக்குத் தகதகவென்று நின்றன. அழகில்லை என்று சொல்ல முடியாது. கிட்டே போனதும் டிஞ்சர் வாசனை அடித்தது. அவள் கணவரின் சட்டையில் வந்த வாசனை. ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள்.

பிறகு பார்த்தாள். ஒவ்வொரு கண்ணாடியின் மேல் விளிம்பிலும் நகப்பிறை மாதிரி வெளிறிய கீற்று ஒன்று. உள்ளே இருந்தது இளகிக் கீழே இறங்கியிருந்தது. அடி விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு கசிந்துகொண்டிருந்தது.

சாரத்தில் நின்ற கண்ணாடிக்காரன் நனைந்த துணியால் அந்தக் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். மட்டமான சாயத்தை வாங்கிவிட்டார்கள், முதல் தடவை துவைத்த துணி மாதிரி நிறம் போகிறது என்று அவளிடம் அலுத்துக்கொண்டான். காலையில் பார்த்தால் ஒன்றுமே இருக்காதாம். மதியம் ஆனால் ஆரம்பித்துவிடுமாம். விழா முடிகிறவரை தினமும் சாயங்காலம் துடைத்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவாம்.

அவளைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஆமாஞ்சாமி ஓடிவந்தான். அவள் ஒன்றும் கேட்காமலேயே சொன்னான்.

"பயப்படாதீங்க அண்ணி. ஃபங்ஷன் காலையிலதான். காலையில ஒண்ணும் ஆகாது."

"மதியத்துக்கு மேல?"

"மதியத்துக்கு மேல விருந்தாளிங்க போயிடுவாங்களே."

இதை அவன் ஒளித்துச் சொல்லவில்லை. ஒரு நல்ல ஏற்பாட்டை வீட்டு மனுஷியிடம் பகிர்ந்துகொள்கிற முகத்தோடு சொன்னான். ஊரையே ஏமாற்றுகிறவனைக்கூட ஒரு கணக்கில் மதிக்கலாம் போலிருந்தது. அதற்குக் கொஞ்சமாவது முனைப்பு வேண்டும். இவர்கள் சூரியனிடம் காலைப்பொழுதை மட்டும் வாடகைக்கு எடுத்து அதில் ஒரு மனிதனின் ஆயுளைக் குடிவைக்கப் பார்த்தார்கள். உருகும் என்று அவர் சொன்னபோது இல்லையென்று சாதித்தார்களே, இப்போது எந்த நேரத்தில் உருகும் என்பதுவரை தெரிந்துவைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள். சண்டை போட்டால் துக்கத்தில் பிதற்றுகிறாள் என்பார்கள். எழுதிக் கொடுத்தால் குழு போடுவார்கள், குழுவுக்கு மைக்தான் தலைவர். துக்கத்தில் பிதற்றுகிறவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள் அல்லவா, அப்படியென்றால் பிதற்றிவிடலாம் என்று தோன்றியது.

நாத்தனாரிடம் சமாதானமாகப் பேசினாள். விழாவுக்கு வருகிறேன், துணியை நானே விலக்குகிறேன், ஒரே ஒரு ஆசை என்றாள்.

"மதியம் மூணு மணிக்கு வெச்சுக்கச் சொல்லு. உங்க அண்ணனுக்கு மதிய வெயில்னா உயிர்."

நாத்தனார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

மைக் நேரிலேயே வந்துவிட்டார். இந்த முறை நுனியில்கூடச் சரியாக உட்காரவில்லை. மதியம் வெயில் கடுமை, பெரியவர்கள் வருகிறார்கள் என்றார். பந்தல் போடலாம் என்றாள் நாத்தனார். நேரம் போட்டு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார். எங்கள் அண்ணி அச்சகத்தில்தான் இருக்கிறார், திருத்திக் கொடுப்பார் என்றாள். முக்கிய விருந்தினருக்கு மதியம் வேறு வேலை என்றார். அவர் போன் எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றாள். தினமும் நூறு வண்டிகளை நேரம் மாற்றி அறிவிக்கிறவளிடம் வந்து நேரம் மாற்ற முடியாது என்று மன்றாடிக்கொண்டிருந்தார் மனிதர். மைக் இப்படித் திணறுவதைப் பார்க்கக் கணவர் இல்லையே என்றுதான் அவளுக்கு இருந்தது.

"செத்தவரோட ஆசைங்க. அதுல உங்களுக்கு என்ன சிரமம்?" என்றாள் நாத்தனார்.

மைக் இவள் பக்கம் திரும்பினார். இவளும் பார்த்தாள். சுவர் உருகும் என்று இவளுக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று இவளுக்கும். நாலு பேர் நடுவில் சொல்ல முடியாத காரணம் அது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். வாசலில் ஆமாஞ்சாமி, மதியமும் நல்ல நேரம்தான் சார் என்று ஏதோ தொடங்கினான். மைக் பார்த்த பார்வையில் பாதியிலேயே காலைக்கு மாறிக்கொண்டான்.

அந்த வாரமே தகவல் வந்தது. தனிமனிதர்களின் பெயரைக் கட்டடத்துக்குச் சூட்டுவது நிறுவனத்தின் கொள்கைக்கு ஒத்துவராது என்று நிர்வாகக் குழு கருதுகிறதாம், வருந்துகிறார்களாம். அடுத்த வாரம் அழைப்பிதழ் வந்தது. விழா காலையில். சுவருக்கு மைக்கின் பெயர். இயக்குநர் தனிமனிதர் இல்லை போலிருக்கிறது. பெயர் எழுதாத ஒரு பலகையை வெறுமனே விட்டுவைக்க அவரால் முடியாது என்று அவள் எதிர்பார்த்ததுதான், ஆனால் இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை.

நாத்தனார் அழைப்பிதழை மேசைமேல் போட்டாள். கத்துவாள் என்று இவள் காத்திருந்தாள்.

"அண்ணனுக்கு வெயில் ஆகாது அண்ணி. சின்ன வயசுல இருந்தே. தெருமுனைக்குப் போகணும்னாலும் குடை கேப்பான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா போன் பண்ணின?"

"துக்கத்துல ஏதோ உளர்றீங்கன்னு நெனச்சேன். மதியம்னதும் அந்த ஆளு முழிச்ச முழியப் பாத்தப்புறம்தான் உளறல் இல்லன்னு புரிஞ்சுது. இப்பவாவது சொல்லுங்க."

அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு அவள் சொன்னாள். விளக்கிலிருந்து தொடங்கிக் கீழ்த்தளம் வரைக்கும். அரை நாள் ஆகவில்லை, சோறு ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நாத்தனார் எழுந்து போய் ஜன்னல் கண்ணாடியின் அடி விளிம்பில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"சுவத்துக்கு இத ஊத்தியிருந்தா?"

"நம்பர் கம்மியா வந்திருக்கும். நின்னிருக்கும்."

"அண்ணன் பேரு எங்கயும் இல்லையே அண்ணி," என்றாள். இவள் இரண்டு தட்டுகளை எடுத்துவைத்துச் சோற்றைப் போட்டாள்.

விழாவுக்கு இரண்டு பேரும் போகவில்லை. பிரமாதமாக நடந்ததாகச் செய்தித்தாளில் வந்தது. படத்தில் மைக்கின் முன்னால் மைக்.

கோடை முற்றிய பிறகு ஒரு மதியம் பேருந்தில் அந்த வழியாகப் போனார்கள். சுவரின் மேல்பாதி வெளிறிக் கிடந்தது. கீழ்ப்பாதியில் பழுப்பு கோடு கோடாக இறங்கி, பெயர்ப்பலகையின் வெள்ளி முலாம் எழுத்துகளை அரித்துக் கறுப்பாக்கியிருந்தது. எண் ஓட வேண்டிய பலகையில் எண்ணைக் காணோம். இப்போது பழுது என்று சொல்லி அணைத்துவைத்திருக்கிறார்களாம். பழியை மைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிப் பார்க்காமல் இல்லை, ஆமாஞ்சாமியும் தலையாட்டித்தான் பார்த்தான். ஆனால் சுவரில் இவ்வளவு பெரிய எழுத்தில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட மனிதர் யாரைக் கைகாட்ட முடியும்?

நாத்தனார் ஜன்னல் பக்கம் சாய்ந்து, வேலையில் பேசுகிற அதே குரலில், வருத்தம் என்பதே இல்லாமல், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்றாள். முன் இருக்கைக்காரர்கள் எந்த வண்டி என்று திரும்பிப் பார்த்தார்கள். கணவர் போன பிறகு இவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் முகம் கழுவப் போனாள். இவள் சமையலறைக்குள் வந்தாள். மேற்கு வெயில் நேராகக் கண்ணாடி மேல் விழுந்துகொண்டிருந்தது, தொட்டால் சுட்டது. தகர விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து முகத்தை அதன் அருகே கொண்டுபோனாள். காற்று வரவில்லை. எப்போதுமே வந்ததில்லை. ஆனாலும் நாத்தனார் கூப்பிடும்வரை அப்படியே குனிந்து நின்றாள்.